பழைய பட்டும் அபிடேக வேட்டியும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில், மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



ஆடை பேணுதல் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். இதிலும் பேச என்ன இருக்கிறது என்று முதலில் எண்ணினேன். பின்னர் என் மகளின் திருமணம் நினைவுக்கு வந்தது.

"புதுப்பட்டு வேண்டாம் அம்மா, பாட்டியின் கூறைப்புடவை போதும்" என்றாள் அவள். அந்து வெளிவந்தால் இழை அறுந்துவிடும் என்பதற்காகக் கூட்டுப்புழுவை உயிரோடு வேகவைத்தே பட்டுநூல் எடுக்கின்றனர். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான உயிர்கள். மகளின் சொல் எனக்குப் பெருமையாகவே இருந்தது. பெட்டியைத் திறந்தேன். இருபது ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த புடவை, மடிப்புத்தோறும் விண்டு கிடந்தது. அந்தக் குற்றம் என்னுடையது, புடவையினுடையதன்று.

சரிகை என்பது நூலின்மேல் சுற்றிய மெல்லிய உலோகம். ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் அது ஒடியும். ஒடிந்த முனை பட்டிழையை அறுக்கும். ஆகவே மூன்று திங்களுக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி வையுங்கள். வெயில் வேண்டாம், சாயம் வெளுக்கும், இழையும் நைந்துபோகும். நெகிழிப் பையில் ஈரம் தங்கும். துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பதே நன்று.

பூச்சி வந்தபின் மருந்திட்டுக் கொல்வது நம் வழியன்று, வராமல் காக்கலாம். அந்துப்பூச்சியின் புழு பட்டையும் கம்பளியையும் தின்னும். வியர்வையும் உணவுக்கறையும் படிந்த துணியையே அது மிகவும் நாடும். இராமபாணப் பூச்சிக்கோ கஞ்சிப்பசை விருப்பம். ஆதலால் அழுக்கோடு எதையும் பெட்டியில் வைக்கலாகாது. நெடுநாள் வைக்கும் பருத்திப் புடவையைக் கஞ்சியிடாமல் வையுங்கள், உடுத்தும்போது இட்டுக்கொள்ளலாம். பாச்சை உருண்டை போட்டால் போதும் என்றிருப்பது சோம்பல். (என் வீட்டுப் பெட்டியிலும் அது நிறையவே இருந்தது.)

அபிடேக ஆடைகளுக்கு வருவோம். பால்பட்ட துணியை வெந்நீரில் போடாதீர்கள். வெப்பத்தில் பாலின் புரதம் இறுகி இழையோடு ஒட்டிக்கொள்ளும். மஞ்சள்கறையில் சோப்புப் பட்டதும் அது சிவந்துவிடும். கண்டு அஞ்ச வேண்டாம். நன்கு அலசி, வெள்ளைப் பருத்தியாயின் வெயிலில் உலர்த்துங்கள். மஞ்சளின் நிறம் வெயில் தாங்காது. இரண்டு மூன்று நாளில் மறையும். பட்டுக்கு நான் சொன்ன தடை இதற்கு இல்லை.

விண்டுபோன அந்தப் புடவையில் கரை மட்டும் ஓரளவு தப்பியிருந்தது. அதைப் பிரித்து ஒரு பருத்திப் புடவையில் வைத்துத் தைத்தோம். அதை உடுத்தியே மகள் மணவறையில் அமர்ந்தாள். சில உறவினர் முகம் சுளித்தனர், அவள் பொருட்படுத்தவில்லை.

இன்று காலை பாலாபிடேகத்தில் நின்ற பிள்ளைகளின் வேட்டிகள் பைக்குள் சுருண்டு கிடக்கும். வீடு சென்றதும் வடிகட்டிய தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.