பழைய மோட்டார்க் காரை வாங்குமுன்



உழவுக்கு மாடு வாங்கச் செல்லும் கமக்காரன் அதன் நிறத்தைக் கண்டு மயங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், சிறிது தூரம் நடத்தி அதன் நடையையும் கவனிப்பான். அதனினும் பன்மடங்கு பணங் கொடுத்து, மனைவி மக்களை ஏற்றிச் செல்வதற்கென ஒரு பழைய மோட்டார்க் காரை வாங்கும்போதோ, படித்தவர்களாகிய நாம் அதன் மினுக்கத்தைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறோம். அவ்வாறு வாங்குவோர் எவற்றைச் சோதித்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

நான் பாடசாலை அதிபராகக் கடமையாற்றுபவன், மெக்கானிக் அல்லேன். எனினும், ஓய்வுபெறும் ஆசிரியர் சிலர் தம் பணிக்கொடையில் பெரும் பங்கை இத்தகைய கார்களுக்குச் செலவிடுவதைக் கண்டு வருபவன். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலையும் உயர்ந்தது. முப்பது ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளிற் கைமாறும் காரியத்தில் ஒரு மணி நேரப் பொறுமை மிகையாகாது.

ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய கார்களுள் நம் நாட்டில் யாவரும் அறிந்த மொறிஸ் மைனரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இக்கார் 1948ஆம் ஆண்டில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. தொடக்கத்தில் இதன் எஞ்சின் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையதாயிருந்தது. பின்னர் 803 ஆகவும், 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் மாறியது. முன் கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருப்பின் அது 1956இற்கு முந்திய அமைப்பு என்று கொள்ளலாம். விற்பவர் கூறும் ஆண்டும் காரின் உருவமும் ஒத்திருக்கின்றனவா என்பதை இவ்விவரங்களைக் கொண்டே ஓரளவு அறியலாம்.

முதலிற் பத்திரங்களைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரிலுள்ள இலக்கங்களோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துதல் வேண்டும். இக்கார்கள் பலவற்றில் பிற்காலத்தில் யப்பானிய எஞ்சின்கள் பொருத்தப்பட்டுள்ளன. அது குற்றமன்று; ஆனால் அம்மாற்றம் பதிவிலும் இடம்பெற்றிருத்தல் வேண்டும். வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டு, ஒப்பம் மாத்திரம் இட்ட திறந்த பத்திரத்தோடு பல கைகள் மாறி வந்த காரைத் தவிர்ப்பதே அறிவுடைமை. பதிவிலுள்ள உரிமையாளரே நேரில் வந்து ஒப்பமிடட்டும்.

அடுத்து, காரின் உடல். நேயர்களே, இப்பேச்சில் ஒன்றை மாத்திரமே நினைவில் வைத்திருக்க இயலுமாயின் இதனை வைத்திருங்கள்: எஞ்சினைப் புதுப்பிக்கலாம்; பிறேக்கைப் புதுப்பிக்கலாம்; உக்கிப்போன உடலைப் புதுப்பிப்பதோ ஏறக்குறைய ஒரு காரைப் புதிதாகச் செய்வதற்கு ஒப்பாகும். மொறிஸ் மைனருக்கு லொறிக்கு இருப்பதுபோலத் தனியான முழு அடிச்சட்டம் கிடையாது. தளத் தகடும், கதவுகளின் கீழே ஓடும் பெட்டித் தகடுகளும், அவற்றோடு ஒட்டவைத்த குறுக்குச் சட்டங்களும் ஒன்றுசேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. இவற்றிற் கறள் ஏறினால் காரின் முதுகெலும்பே தளர்ந்தது என்று பொருள். கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் நின்ற கார்களை இருமடங்கு கவனத்தோடு பார்த்தல் வேண்டும்.

எனவே தரையில் ஒரு சாக்கை விரித்து, காரின் கீழே தலையை நீட்டிப் பார்க்கத் தயங்காதீர்கள். பின்புற வில்லுத் தகடுகள் உடலோடு இணையும் இடம், ஜாக் வைக்கும் இடம், முன் ஆசனங்களின் கீழே செல்லும் குறுக்குச் சட்டம், முன்புறத்துப் பெட்டிச் சட்டங்கள் ஆகியவற்றை ஒரு திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென ஒலிக்கும். உக்கிய தகடு மந்தமாக ஒலிக்கும். உள்ளே கால்விரிப்பைத் தூக்கித் தளத்தைப் பாருங்கள். சிறு காந்தம் ஒன்றைத் துணியிற் சுற்றி உடலெங்கும் வைத்துப் பாருங்கள். காந்தம் பற்றாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டியே உள்ளது. கதவைத் திறந்ததும் அது கீழே தொங்குமாயின் பிணைச்சல் தேய்ந்திருக்கலாம். அன்றேல் உடலே வளைந்திருக்கலாம். புதிதாகப் பூசிய கறுப்புத் தார் காரின் அடியிற் பளபளத்தால், அது எதை மறைக்கின்றது என்று கேளுங்கள்.

மூன்றாவதாக, முன் சில்லுகள். மொறிஸ் மைனரில் முன் சில்லைத் தாங்கும் தண்டு மேலும் கீழும் திருகுபுரிகளினால் இணைக்கப்பட்டுள்ளது. ஸ்ரியறிங்கைத் திருப்புந்தோறும் அத்திருகுபுரிகள் அசைகின்றன. கிறீஸ் ஒழுங்காக ஏற்றப்படாவிடின் அவை தேய்ந்து, ஒரு நாள் கழன்று, சில்லு வெளிப்புறமாக மடிந்து கார் விழுந்துவிடும். வீட்டு வாசலில் நிகழ்ந்தால் அது செலவு. நெடுஞ்சாலையில் நிகழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆதலின் முன்புறத்தை ஜாக்கில் உயர்த்தி, சில்லை மேலும் கீழும் பற்றி உட்புறமும் வெளிப்புறமுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருப்பின், துணைக்கு வந்தவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை சில்லின் பெயறிங்கில். நில்லாவிடின் குறை அத்தண்டின் இணைப்புகளில் என்று அறியலாம்.

நான்காவது பிறேக். இதன் பிரதான பிறேக் உருளை சாரதியின் காலடித் தளத்தின் கீழே, சட்டத்தினுள் மறைந்துள்ளது. கைக்கு எட்டாத இடமாதலின் பலர் அதனைக் கவனிப்பதில்லை. அன்றியும், நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய் வழிதான். ஓரிடத்திற் பெருங்கசிவு ஏற்பட்டால் நான்கும் ஒருங்கே பயனற்றுப் போகும். மிதிபலகையை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். அது மெல்ல மெல்லக் கீழிறங்கினால் உருளையிலோ குழாயிலோ குறையுண்டு. இரண்டு மூன்று முறை மிதித்த பின்னரே பிறேக் பிடிக்கும் காரை ஓட்டிப் பார்க்கவும் வேண்டியதில்லை.

ஐந்தாவதே எஞ்சின். சோதனைக்குச் செல்லும்போது எஞ்சின் குளிர்ந்திருத்தல் வேண்டும் என்று முன்னரே சொல்லிவையுங்கள். போனவுடன் றேடியேற்றரைத் தொட்டுப் பாருங்கள். சூடாயிருந்தால் இன்னொரு நாள் வருவதாகக் கூறி எழுந்துவிடுங்கள். காலையில் எழும்பாத எஞ்சினை மறைக்க அதுவே எளிய வழி. ஒயில் பால்போல வெளிறியிருப்பின் அதில் நீர் கலந்துள்ளது. புகை நீலமாயின் ஒயில் எரிகின்றது; கறுப்பாயின் பெற்றோல் மிகுதியாகச் செல்கின்றது; சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாவிடின் நீர் உள்ளே புகுகின்றது. எஞ்சின் நன்கு சூடேறி மெதுவாக ஓடும்போது ஒயில் விளக்கு எரிதல் ஆகாது. பின்புறத்தில் இரண்டொரு துளி ஒயில் சொட்டுவது இவ்வகை எஞ்சினுக்கு இயல்பே; அதற்காக நல்ல காரை இழக்க வேண்டாம்.

வடபகுதியிற் காரை வாங்குவோர் இன்னொன்றையும் கேட்டறிதல் நன்று. 1990களிலே பெற்றோல் கிடைக்காத காலத்தில், ஒஸ்டின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் முதலிய கார்கள் சிறிதளவு பெற்றோலினால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரையும் முதியோரையும் சுமந்த அக்கார்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் முழுதும் எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர்களிலுள்ள ஒயிலைக் கழுவி, அவற்றைத் தேய்த்துவிடும். அதன் பின்னர் எஞ்சின் திறந்து திருத்தப்பட்டதா என்று கேளுங்கள்.

பின்னர் காரை ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் கியரிற் சென்றுகொண்டிருக்கும்போது பெற்றோல் மிதியிலிருந்து காலை எடுங்கள். கியர் தானே கழன்று வந்தால் கியர்ப்பெட்டி தேய்ந்துள்ளது. மின்கம்பிகளின் உறை வெடித்திருக்கின்றதா என்பதையும் நோக்குங்கள். மொறிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. இதனை அறியாது புதுக் கருவிகளைப் பொருத்தினால் அவை கருகிவிடும்.

விலை பேசும்போது, கையிலுள்ள பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றிலொரு பங்கையேனும் முதலாண்டுத் திருத்த வேலைக்கு ஒதுக்குங்கள். பழைய காரை அறிந்த மெக்கானிக் ஒருவரை, அவருக்குரிய கூலியைக் கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் அழைத்து வரும் மெக்கானிக் நல்லவராயிருக்கலாம். ஆயினும் அவர் நமக்காக வந்தவர் அல்லர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாம் என்று சொல்லும் துணிவு வேண்டும். விற்பவர் தெரிந்தவர், தேநீரும் தந்தார், எவ்வாறு மறுப்பது என்னும் தாட்சணியத்தினாலேயே வீண்போன சேமிப்புகள் பல. குறை கண்ட இடத்தில் அவரது மனம் நோகாதவாறு நன்றி கூறி விடைபெறுவது பண்புக்குக் குறைவன்று. உடலுறுதியும் ஒழுங்கான பத்திரமும் உள்ள கார், சாயம் மங்கியிருந்தாலும், எஞ்சின் சிறிது முனகினாலும், நம்பி வாங்கத் தக்கது. அத்தகைய காரைத் தேடி இன்னும் ஆறு மாதம் பஸ்ஸிற் பயணஞ் செய்வதால் எவருக்கும் குறையில்லை.