எழுதி வைத்துக் கற்ற சங்கீதம்

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தேவாரம் பாடும் பெண்பிள்ளைகளை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அந்தக் குரல் நின்றுவிடும். ஏன் என்று விசாரித்தால், "பொம்பளப் புள்ள மேடையேறிப் பாடி என்ன ஆகப்போகுது வாத்தியாரே?" என்பார்கள். ஆகவே இன்று ஒரு பாடகியின் இளம் பருவத்தைப் பற்றிப் பேசுவோம்.

டி. கே. பட்டம்மாள் 1919ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் பிறந்தவர். தந்தையார் தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதர், டி. கே. என்பது அந்தப் பெயர்தான். தாயார் காந்திமதியும் நன்றாகப் பாடுவாராம். ஆனால் ஆசாரமான குடும்பம். அந்த அம்மாள் உறவினர் முன்னிலையில்கூடப் பாடியதில்லை. இசைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் அன்றும் சபையில் பாடினார்கள். மற்ற வீட்டுப் பெண் பாடினால் ஊர் பேசும்.

சங்கீதம் கற்க வேண்டுமானால் அக்காலத்தில் குருவின் வீட்டிலேயே பல ஆண்டுகள் தங்க வேண்டும். பட்டம்மாளுக்கு அது வாய்க்கவில்லை. அவர் கச்சேரிகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்பார். வீட்டுக்கு வந்ததும், கேட்ட கீர்த்தனைகளையும் ராகத்தின் முக்கியமான பிடிகளையும் ச, ரி, க, ம என்று சுரப்படுத்தி எழுதி வைப்பார். ஒரே தடவை காதில் விழுந்ததை இப்படி எழுதுவது லேசான காரியமன்று. சொல்வதெழுதலுக்கே நம் பிள்ளைகள் திணறுகிறார்கள்! சகோதரர்கள் மூவரும் அவருக்கு உதவினார்கள். அவர்களில் ஜெயராமன் பிற்காலத்தில் அக்காளோடு மேடையிலேயே சேர்ந்து பாடினார்.

பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோதே சென்னை வானொலியில் பாடினார். 1932இல் ரசிக ரஞ்சனி சபையில் முதல் பொதுக் கச்சேரி. பிறகு சென்னையிலேயே குடியேறி, ராகம் தானம் பல்லவியில் பெயர் பெற்றார். பல்லவி என்பது ஒரே வரியைத் தாளக் கணக்குத் தப்பாமல் இரட்டை வேகத்திலும் பாதி வேகத்திலும் மாற்றி மாற்றிப் பாடுவது. அது ஆண் வித்துவான்களின் காரியம் என்றிருந்தது. இவரை ஊரே 'பல்லவி பட்டம்மாள்' என்றது. 1970இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. 2009இல் காலமானார்.

பாட்டுச் சோறு போடும் என்று நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கச்சேரி வருமானத்தை நம்பிக் குடும்பம் நடத்துவது சென்னையிலேயே கடினம். நாங்கள் கேட்பது, பிள்ளையின் குரலைப் பன்னிரண்டு வயதில் அடைத்துவிடாதீர்கள் என்பதுதான்.

பேராக்கில் ரப்பர் மரங்கள் போய்ப் பல இடங்களில் செம்பனை வந்துவிட்டது. லயத்தை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் போனவர்கள் பலர். பாட்டு வாத்தியார் அருகில் இல்லை என்கிறீர்கள், உண்மைதான். ஆனால் பட்டம்மாள் ஒரு முறை கேட்டதை உங்கள் பிள்ளை கைபேசியில் நூறு முறை கேட்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். இந்தத் தைப்பூசத்தில் கல்லுமலைக் கோயிலில் கேட்ட பாட்டை அதில் எழுதிக்கொண்டு வரட்டும். பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து திருத்திக் கொடுக்கிறோம்.