கள்ள ஓட்டும் தலைவிதியும்

(கிராமக் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



இங்கு வந்திருக்கும் பெரியவர் ஒருவர் சற்றுமுன் நம்மிடம் ஒரு குறை சொன்னார். ஓட்டுச்சாவடிக்குப் போனாராம், "உமது ஓட்டு ஆகிவிட்டது" என்றார்களாம், "எல்லாம் தலைவிதி" என்று வீடு திரும்பினாராம். எந்த விதி, தோழர்களே? 1961-ம் வருஷத்துத் தேர்தல் விதிகளில் 49-பி என்று ஒரு விதி இருக்கிறது. அதிகாரி கேட்பதற்குத் திருப்தியாய்ப் பதில் சொன்னால், டெண்டர் ஓட்டு என்று காகிதச் சீட்டுக் கொடுத்தே தீரவேண்டும். அது சாதாரணமாய் எண்ணப்படுவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வழக்கு வந்தால்தான் அதற்கு வேலை. 2008-ல் ராஜஸ்தானத்து நாத்வாராவில் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார் என்பது ஞாபகமிருக்கட்டும்.

ஆனால் கள்ள ஓட்டு விழுந்தபின் அழுவதைவிட விழுமுன் தடுப்பதல்லவா புத்தி? அதற்குத்தான் பூத் ஏஜண்டு. அபேட்சகரின் நியமனப் பாரமும், அந்தப் பகுதி ஓட்டர் லிஸ்டில் பெயரும் வேண்டும். ஜாதியையோ சொத்தையோ எவனும் கேட்பதில்லை. ஆள்மாறாட்டமென்றால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். 2 ரூபாய், தோழர்களே! பிள்ளையாருக்குச் சூடம் வாங்கக்கூடக் காணாது. ஆட்சேபணை வீண் வம்பாயில்லாவிட்டால் காசும் திரும்பும்.

விடியற்காலையில் போய், 50-க்குக் குறையாமல் மாதிரி ஓட்டுப் போட்டு, அதை அழித்து, மிஷினுக்கு முத்திரை வைக்கும்வரை கண்ணால் பார்க்கவேண்டும். சாயங்காலம் 17-சி பாரத்தின் நகலை வாங்காமல் எழுந்திருக்கக்கூடாது. மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்பது அதில் இருக்கிறது. எண்ணும் நாளில் ஒத்துப் பார்க்க அதுதான் ஆதாரம்.

"இதெல்லாம் பெரிய மனிதர் காரியம்" என்று நாம் ஒதுங்குவதால்தான் பண்ணை வீட்டுப் பிள்ளைகளே எல்லாக் கட்சிக்கும் ஏஜண்டாகிறார்கள்.

அய்யா, பேத்தி பத்தாவது படித்திருப்பதாகச் சொன்னீர்களே, ஓட்டர் லிஸ்டில் பெயர் இருக்கிறதல்லவா? அந்தப் பெண்ணையே உட்கார வையுங்கள்.