ஓரணாவுக்குக் கொசுக்கடி
(போலாரத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



"சரித்திர புருஷர் ஒருவரைப் பற்றி வீட்டில் ப்ராஜெக்ட் செய்து வா" என்று பள்ளிக்கூடத்தில் சொன்னால், நாம் கடைக்கு ஓடிப் படம் வாங்கி, நாமே ஒட்டியும் கொடுத்துவிடுகிறோம். மார்க் குழந்தைக்கு, படிப்பு நமக்கு!

நாலாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியிடம், "நம்மூரிலேயே ஒருவரைத் தேடு" என்றேன். கிடைத்தவர் ரொனால்ட் ராஸ். 1857-ல் அல்மோராவில் பிறந்த ராணுவ டாக்டர். போலாரத்திலிருந்து அதிக தூரமில்லாத பேகம்பேட்டையில், 1897 ஆகஸ்ட் 20 அன்று, அனாஃபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-ல் நோபல் பரிசு பெற்றார்.

அட்டைக் குழாயில் மைக்ராஸ்கோப், கறுப்பு நூலில் கொசு என்று எல்லாம் அவளே செய்தாள். பிறகு கேட்டாள்: "தாத்தா, அந்தக் கொசு யாரைக் கடித்தது?"

நான் பி.எஸ்ஸி. படித்தபோது ராஸின் பெயர் மட்டுமே பாடத்தில் வந்தது. இருவரும் தேடிப் படித்தோம். உசேன் கான் என்ற மலேரியா நோயாளி. கொசு ஒன்றுக்கு ஓரணா வாங்கிக்கொண்டு கடிபட்டவர். உடனே தீப்பெட்டியில் கட்டில், பழைய வலைத்துணியில் கொசுவலை! ராஸுக்குப் பக்கத்தில் உசேன் கானும் படுத்துவிட்டார்.

ஆகவே பெரியோர்களே, பசையும் கத்தரிக்கோலும் குழந்தை கையில் இருக்கட்டும். "இந்தப் பெரியவருக்குத் துணை நின்றவர் யார்?" என்று மட்டும் நாம் கேட்போம். சரித்திரம் அங்கேதான் உயிர் பெறுகிறது.