கேட்டலும் கீழ்ப்படிதலும்

(நூற்றாண்டு நன்றி ஆராதனையின்போது ஆற்றப்பட்ட உரை)



இந்த நன்றி நாளிலே எமக்குத் தரப்பட்ட பொருள் 'கடவுளுக்குக் கீழ்ப்படிதல்' என்பதாகும். இக்கல்லூரியின் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதல் புதிதல்ல. மணி அடித்தால் வரிசையில் நிற்போம். இரட்டைப் பின்னல் குலையாமல் காலைப் பிரார்த்தனைக்குப் போவோம். விடுதியில் விளக்கணைந்த பின் மூச்சுக் காட்டமாட்டோம். 'சொல்வழி கேட்கும் பிள்ளை' என்று ரீச்சர் தேர்ச்சி அறிக்கையில் எழுதிவிட்டால், கணிதத்தில் குறைந்த புள்ளிகளை வீட்டில் மன்னித்துவிடுவார்கள்.

வேறொரு கீழ்ப்படிதலையும் எங்கள் வகுப்பு அறியும். 1995 ஒக்டோபர் 30 இரவு, வெளியேறுங்கள் என்ற சொல்லைக் கேட்டு, கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு, வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நடந்தோம். அன்று எங்களுக்குப் பதினாறு வயது. அச்சத்தினால் கீழ்ப்படிவது எப்படி என்று எங்கள் தலைமுறைக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனாற்றான், கடவுளுக்குக் கீழ்ப்படிவதும் அச்சத்தினால் அடங்கிப்போவதும் ஒன்றா என்ற கேள்வி எங்களை இன்றுவரை விடவில்லை.

எமது மொழியிலே 'சொல் கேட்பது' என்றால் காதால் கேட்பது மட்டுமல்ல, சொன்னபடி நடப்பதும் ஆகும். எபிரேய மொழியிலும் இரண்டிற்கும் 'ஷாமா' என்ற ஒரே வினைச்சொல் வழங்குகிறது. ஆகவே கீழ்ப்படிதலின் முதற்படி, நாம் கேட்பது யாருடைய குரல் என்று அறிவது.

யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்திலே சிப்பிராள், பூவாள் என்ற இரு மருத்துவிச்சிகள் வருகிறார்கள். எபிரேயரின் ஆண் குழந்தைகளைப் பிறந்தவுடனே கொன்றுவிடும்படி பார்வோன் அவர்களுக்குக் கட்டளையிட்டான். அவர்களோ கடவுளுக்குப் பயந்து, பிள்ளைகளை உயிரோடு காத்தார்கள். அந்தப் பார்வோனின் பெயரை வேதாகமம் குறிப்பிடவில்லை. மருத்துவிச்சிகள் இருவரின் பெயரையும் குறிப்பிடுகிறது. பிரசவ அறையில் வேலைசெய்யும் எங்களுக்கு இது பெரிய ஆறுதல். அரசனுக்குக் கீழ்ப்படியாமையே அங்கு கடவுளுக்குக் கீழ்ப்படிதலாயிற்று.

எமது நாட்டிலும் அப்படி ஒரு வைத்தியர் வாழ்ந்தார். கனடாவிலே 1873 இல் பிறந்த மேரி இரட்ணம் அம்மையார், மிசன் வைத்தியராகப் பணியாற்ற 1896 இல் இலங்கைக்கு வந்தார். தமிழர் ஒருவரை மணம் முடித்தமையால், அவரை ஏற்றுக்கொள்ள மிசன் விரும்பவில்லை. இனி அழைப்பு இல்லையென்று அவர் கப்பலேறித் திரும்பியிருக்கலாம். அவரோ கொழும்பிலே பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் செய்தார். பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தார். 1930 இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடக்கிக் கிராமத்துப் பெண்களிடம் சுகாதார அறிவைக் கொண்டுசென்றார். 1958 இல் மக்சேசே விருதைப் பெற்றார். அனுப்பியவர்கள் கைவிட்டபோதும், தாம் கேட்ட குரலை அவர் கைவிடவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நாங்கள் கேளாமற் போன ஒன்றையும் சொல்லாவிட்டால் இந்த உரை நேர்மையாகாது.

பல வருடங்களுக்கு முன், நாங்கள் வேலைசெய்த வாட்டுக்கு ஒரு பெண் கையில் காயத்தோடு வந்தார். "படியில வழுக்கி விழுந்திட்டன், டொக்டர்" என்றார். கணவர் பக்கத்திலேயே நின்றார். ஆலயத்தில் மதிப்புள்ள மனிதர். 'விழுந்தமை' என்று எழுதி மருந்து கட்டி அனுப்பினோம். சில மாதங்களில் மறுபடியும் வந்தார். மறுபடியும் 'விழுந்தமை' என்றே எழுதினோம். மூன்றாம் முறை, கணவரை மருந்து எடுத்துவர அனுப்பிவிட்டு, "உண்மையாய் விழுந்ததுதானோ, அக்கா?" என்று கேட்டோம். அவர் வெகுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு, "பொறுத்துக்கொள்ளச் சொல்லித்தானே ஆண்டவர் சொல்லியிருக்கிறார். கீழ்ப்படியாட்டிப் பாவமெல்லோ?" என்றார்.

அந்தக் கேள்வி எங்களையும் சுட்டது. அவர் கணவருக்கு அஞ்சினார். கணவரின் மதிப்புக்கு நாங்கள் அஞ்சினோம். இரு பக்கத்திலும் அதற்குக் கீழ்ப்படிதல், மரியாதை என்று பெயர் வைத்திருந்தோம்.

எபேசியருக்கு எழுதிய நிருபத்தில், மனைவிமாருக்கான அறிவுரைக்கு முந்திய வசனத்தை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். தெய்வபயத்தோடு ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்பதே அதன் கருத்து. அதை அந்த அக்காவுக்குச் சொன்னோம். குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்க 2005 ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருப்பதையும் சொன்னோம். அவர் பிள்ளைகளோடு தாய்வீடு சென்றார். இப்போதும் அதே ஆலயத்துக்குத்தான் போகிறார், வேறொரு வாங்கில் இருக்கிறார்.

அப்படியானால் எமக்குத் தோன்றியதைச் செய்வதுதான் கீழ்ப்படிதலோ என்று நீங்கள் கேட்கலாம். அல்ல. கெத்செமனே தோட்டத்தில் இயேசு, அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி மன்றாடினார். தமது விருப்பத்தை மறைக்கவில்லை. பின்னர் பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். கேள்வி கேட்பது கீழ்ப்படியாமை அல்ல என்பதையும், கீழ்ப்படிதலின் விலையைத் தாமே கொடுத்தார், பிறர் தலையில் சுமத்தவில்லை என்பதையும் அங்கு காண்கிறோம். நாம் கேட்கும் குரல் பலவீனரைக் காக்கச் சொல்கிறதா, பலமுள்ளவரின் வசதியைக் காக்கச் சொல்கிறதா என்று பார்த்தால் பலவேளைகளில் வழி தெரியும்.

பெரும்பாலான நாட்களில் கீழ்ப்படிதல் சிறிய காரியந்தான். நடுச்சாமத்தில் தொலைபேசி ஒலித்தால் முணுமுணுக்காமல் எழும்புவது. எமது தவறை நோயாளியின் உறவினரிடம் மறைக்காமல் சொல்வது. வயதான தாயின் பழைய கதையைப் பத்தாம் முறையும் பொறுமையாகக் கேட்பது.

அன்புச் சகோதரிகளே, நூறு வருடங்களாக இச்சங்கம் கல்லூரிக்குக் கட்டிடங்களையும் புலமைப்பரிசில்களையும் தந்துள்ளது. அடுத்த நூற்றாண்டின் பிள்ளைகளுக்கு இதனையும் கொடுப்போம்: சொல்வழி கேட்கும் பிள்ளைகளாக வளருங்கள், ஆனால் சொல்வது யார் என்று கேட்டபின் கேளுங்கள். அப்படிக் கேட்டு, பயமின்றிக் கீழ்ப்படியும் கிருபையை ஆண்டவர் எம்மெல்லோருக்கும் அருள்வாராக.