மாடமும் மன்றமும்

(இராமேசுவரம் தீவுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே! தாய்மார்களே!

அலைகடல் ஆர்ப்பரிக்கும் இந்தச் சேதுக் கரையில் நின்று, கடல்கள் பல கடந்த வாஷிங்டன் நகரத்து மன்றமொன்றின் கதையைக் கூறப் போகிறேன். கதை அவர்களுடையது, கருத்து நம்முடையது.

1908-ஆம் ஆண்டு, அமெரிக்கத் தலைநகரின் பத்திரிகையாளர்கள் கூடித் தேசியப் பத்திரிகையாளர் மன்றம் கண்டனர். உலகத் தலைவர்கள் வந்து உரையாற்றும் இடமாக அது உயர்ந்தது. உயர்ந்தது மன்றம், உயரவில்லை மனம்! ஆடவருக்கு மட்டுமே அங்கு இடம். அடைத்த கதவின் முன் அழுது நின்றனரா பேனா பிடித்த பெண்கள்? இல்லை! 1919-இல் தமக்கெனத் தனி மன்றம் அமைத்தனர்.

1955-இல் கருப்பினச் செய்தியாளர் லூயி லாட்டியர் உறுப்பினரானார். அந்நாளில் பெண்களுக்கும் ஒரு சலுகை வழங்கினார்கள். என்ன சலுகை தெரியுமா? மேல்மாடத்திலிருந்து கேட்கலாம்! கீழே விருந்து, மேலே பசி. கீழே கேள்வி; மேலே மௌனம். பேசுவோர் சொல்லைக் குறித்துக்கொள்ளலாம். கேள்வி மட்டும் கேட்கலாகாது! 1959-இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் வந்தபோது, வாதாடிச் சில இருக்கைகளைக் கீழே பெற்றனர். வந்தவர் போனார், மாடம் மீண்டது.

1963 ஆகஸ்டில், கருப்பின மக்களின் மாபெரும் உரிமைப் பேரணிக்கு இரண்டே நாள் இருக்க, அதன் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் அந்த மன்றத்தில் பேசினார். பேருந்தின் பின்னிருக்கையை எதிர்ப்பவர், பெண்களை மாடத்தில் ஒதுக்கும் அவையில் பேசலாமா என்று கருப்பின வழக்கறிஞர் பாலி மரே முன்னரே கண்டித்திருந்தார். கண்டனம் நின்றது, கூட்டமும் நடந்தது. 1971-இல்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது.

ராண்டால்ஃபைத் தூற்ற இதைக் கூறவில்லை. மாவீரர் அவர்! உரிமைக்குப் போராடுவோர் கண்ணிலும் தலைக்கு மேலுள்ள மாடம் படாமற் போகும் என்பதற்கே கூறினேன். நம் கண்ணில் படுகிறதா?

கல்லூரியைப் பாதியில் விட்டு, நாடகக் கொட்டகையில் கற்றவன் நான். வசனமில்லாத பாத்திரம் மேடையில் நின்றாலும் திரைச்சீலைக்குச் சமம் என்பது அங்கே கற்ற பாடம்.

இதோ, பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியக் கடல் பூங்கா ஆயின. அதனால் வந்த தடையின் சுமையை அவர்களைவிட அறிந்தவர் யார்? எனினும், நம் படிப்பகங்களில் அதைப் பற்றி விவாதம் நடக்கும்போது அவர்கள் எங்கே? வாசற்படியில்! "தாய்மார்களே" என்று தொடங்குகிறோம். தாய்மார் பேசாமலே முடிக்கிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அப்படி முடிக்க மாட்டேன்.

தோழர்களே, ஒலிபெருக்கியை அதோ மணலில் அமர்ந்திருக்கும் தாய்மாரிடம் கொண்டு செல்லுங்கள். இதைப் படிக்கும் தோழரே, உங்கள் ஊரிலும் அவ்வாறே செய்யுங்கள். அவர்கள் கேட்கட்டும், நாம் பதில் சொல்வோம்!