கோடும் நிறமும்: ரோடின் கண்ட கம்போடிய நடனம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓவியம் பற்றிச் சில சொல்லுமாறு பணித்தீர்கள். நெடுநாளாக என் நெஞ்சைவிட்டு அகலாத ஓர் ஓவியத் தொகுதியை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

1906 ஜூலையில் கம்போடிய மன்னர் சிசோவத்தின் அரண்மனை நடன மகளிர் பாரிசில் ஆடினர். மார்செய் நகரில் அப்போது குடியேற்ற நாடுகளின் கண்காட்சி நடைபெற்றுக்கொண்டிருந்தது. ஆட்டத்தைக் கண்ட சிற்பி ரோடின், 65 வயதில், அம்மகளிரைப் பின்தொடர்ந்து மார்செய்க்கே சென்றார். சில நாட்களில் ஏறத்தாழ 150 ஓவியங்கள் பிறந்தன.

அவர் வரைந்த முறை தனித்தன்மை வாய்ந்தது. ஆடுபவரைவிட்டுக் கண்ணை எடுக்காமலே பென்சிலை ஓடவிடுவார். பின்னர் நீர்வண்ணம் தீட்டுவார். வண்ணம் கோட்டுக்குள் அடங்காது; கோடு ஓரிடம், நிறம் சற்றே அப்பால். இவ்விலகலில்தான் அசைவு உயிர்பெறுகிறது.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. கெமர் நடனத்தில் கை, கொடியாகும், இலையாகும், மலராகும், கனியாகும். அம்மொழியைப் பயிலாத ரோடின் கண்டது வடிவத்தை மட்டுமே. ஆடியவர்களோ, ஒரு பேரரசு தன் உடைமைகளைக் காட்சிக்கு வைத்த வேளையில் அங்கே வந்தவர்கள். பொருளறியாத வியப்பு முழுமையான காட்சி ஆகுமா?

இவ்வினா நமக்கும் உரியது. சென்னை அருங்காட்சியகத்துத் திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி ரோடின் எழுதியது ஒளிப்படங்களைக் கண்டே. அவர் மறைந்து நான்காண்டுகள் கழிந்து, 1921இல் அது அச்சேறியது. அதை நாம் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். அவர் புகழ்ந்த திருமேனியை எழும்பூர் சென்று கண்டவர் நம்முள் எத்தனை பேர்?

1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் அந்நடனக் கலைஞர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். ரோடினின் ஓவியங்கள் பாரிசில் பத்திரமாக இருந்தன. ஆனால் நடனத்தை மீட்டவை அவ்வோவியங்கள் அல்ல. எஞ்சிய ஆசிரியர் சிலர், தம் உடலில் காத்த அடவுகளை இளையோர் கைகளில் விரல்விரலாகப் பதித்தனர். அதனாலேயே அக்கலை பிழைத்தது. 2008இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது.

ரோடினை நான் குறைகூறவில்லை. வியப்பே வாயில், அவர் அதைத் திறந்துவைத்தார். உள்ளே சென்று பயில்வது அடுத்த கடமை. இம்மலரும் தாளில் பதிந்த கோடுதான். பத்தாண்டுகளாக நாம் கற்றதை ஓர் இளைஞருக்கேனும் நேரிற் கற்பித்தால், அக்கோட்டில் நிறம் ஏறும்.